சர்வேயர் போட்ட கணக்கு

வீட்டுக் காப்பீட்டில் க்ளெய்மை மொத்தமாக மறுத்துவிட்டால் கோபம் வரும். கோபம் வந்தவர் யாரையாவது விசாரிப்பார், எங்கேயாவது மனு எழுதுவார். ஆனால் நான்கு லட்சம் ரூபாய் கேட்ட இடத்தில் ஒன்றேகால் லட்சம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் பலர் வாயடைத்துப்போகிறார்கள். கம்பெனி ஏமாற்றிவிட்டதா, நாம்தான் அதிகம் கேட்டுவிட்டோமா என்று தெரியாத குழப்பத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. வந்த தொகையை ஒரு தீர்ப்பைப் போல எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது. நடந்திருப்பது வேறு. சர்வேயர் ஒருவர் வீட்டைப் பார்த்து ஒரு மதிப்பீடு போட்டார். அதிலிருந்து வரிசையாகச் சிலவற்றைக் கழித்தார். மிஞ்சியது வந்திருக்கிறது. அந்தக் கழிவுகள் ஒவ்வொன்றுக்கும் பாலிசியில் ஒரு வாசகமோ, சந்தையில் ஒரு விலையோ, சேதமான இடத்தில் ஒரு தடயமோ ஆதாரமாக இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் பாலிசிதாரரின் வாதம் தொடங்குகிறது. ‘ரொம்பக் குறைத்துவிட்டீர்கள்’ என்று பத்துக் கடிதம் எழுதுவதைவிட, ‘மூன்றாவது வரியில் கழித்தது எந்த விதிப்படி?’ என்று ஒரே கடிதம் எழுதுவது பலன் தரும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

சர்வேயரின் இடம் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பொதுக் காப்பீட்டு க்ளெய்ம்களை உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இல்லாமல் தீர்க்கக் கூடாது என்கிறது 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 64யூஎம். அவரை நியமிப்பதும் அவருக்குக் கட்டணம் தருவதும் காப்பீட்டு நிறுவனம்தான். ஆனாலும் அவர் நிறுவனத்தின் ஆள் இல்லை; இரு தரப்புக்கும் பொதுவாக நின்று இழப்பை அளக்க வேண்டியவர். அதே பிரிவு, சர்வேயர் சொன்னதிலிருந்து மாறுபட்ட தொகையைத் தரும் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுவைத்திருக்கிறது. ‘சர்வேயர் இவ்வளவுதான் போட்டிருக்கிறார், எங்கள் கையில் ஒன்றும் இல்லை’ என்று யாராவது சொன்னால் அந்தப் பதில் சட்டத்துக்கு முன் நிற்காது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், சர்வேயரின் மதிப்பீடு முக்கியமானதுதான் என்றாலும் அதுவே கடைசி வார்த்தை ஆகிவிடாது, அதிலிருந்து விலகவே கூடாது என்ற புனிதம் அதற்குக் கிடையாது என்று சொன்னது. அது வாகன வழக்கு. ஆனால் அந்தக் கோட்பாடு வீட்டுக்கும் பொருந்தும். அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்குத் தோதான அறிக்கை கிடைக்கும்வரை ஒருவர் மாற்றி ஒருவராகச் சர்வேயர்களை நியமித்துக்கொண்டே போக நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

இனி கணக்குக்கு வருவோம். பன்னிரண்டு வருடம் பழைய வீடு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாடித் தொட்டியின் குழாய் வெடித்து, ஆள் இல்லாத நேரத்தில் இரவெல்லாம் தண்ணீர் கொட்டி, சுவர்ப் பூச்சு, ஃபால்ஸ் சீலிங், வயரிங், சமையலறை அலமாரிகள் எல்லாம் பாழாகிவிட்டன. சீர்செய்ய நான்கு லட்சம் ஆகும். அதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட 40 லட்சம் வேண்டும். காப்பீடு செய்திருப்பதோ 20 லட்சத்துக்கு. சர்வேயர் முதலில் வீட்டின் வயதைக் காட்டி 30 விழுக்காடு தேய்மானம் கழிக்கிறார். நான்கு லட்சம் 2,80,000 ஆகிறது. அடுத்து, 40 லட்சம் மதிப்புள்ள வீட்டை 20 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே மீதிப் பாதி இழப்பை நீங்களே தாங்க வேண்டும் என்கிறார். குறைகாப்பீட்டுக் கழிவு என்பது இதுதான்; 2,80,000 இப்போது 1,40,000. பிறகு, சிதைந்த பொருள்களைப் பழைய சாமான் கடையில் போட்டால் கிடைப்பது என்று 10,000, பாலிசிப்படி முதல் இழப்பாகப் பாலிசிதாரர் ஏற்க வேண்டியது என்று 5,000. கையில் வருவது 1,25,000. ஒவ்வொரு கழிவும் தனித்தனியாகப் பார்க்கும்போது நியாயம்போலவே தோன்றும். சேர்ந்து நின்றால் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக மிஞ்சவில்லை என்று சொல்லும் அளவுக்கு இறக்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. இழப்பை அளக்கும்போது சர்வேயர் வீட்டைப் பழைய வீடாகப் பார்த்தார். அதனால் தேய்மானம் கழித்தார். காப்பீடு போதுமா என்று அளக்கும்போது மட்டும் அதே வீட்டைப் புது வீடாகப் பார்த்தார். அதனால் 40 லட்சம் என்றார். பழைய வீடு என்றால் இரண்டு இடத்திலும் பழைய வீடுதான். 40 லட்சத்திலும் 30 விழுக்காடு கழித்தால் வீட்டின் மதிப்பு 28 லட்சம். 20 லட்சக் காப்பீடு அதில் ஏழில் ஐந்து பங்கு. 2,80,000-இல் ஏழில் ஐந்து பங்கு இரண்டு லட்சம். புது வீடு என்று இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டாலும் நான்கு லட்சத்தில் பாதி, அதே இரண்டு லட்சம்தான் வருகிறது. தேய்மான விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அது தானே அடிபட்டுப்போய்விடும். பள்ளிக்கூடப் பின்னக் கணக்கு. ஆகவே ஒரு பக்கம் மட்டும் தேய்மானம் கழித்து, மறுபக்கம் புது மதிப்பை வைத்துக் குறைகாப்பீடு கழிப்பது ஒரே இழப்பை இரண்டு முறை வெட்டுவது. நம் உதாரணத்தில் அந்த ஒரு பிழையின் விலை 60,000 ரூபாய். இதைக் கண்டுபிடிக்க வழக்கறிஞர் வேண்டாம், கால்குலேட்டர் போதும். ஆனால் கணக்குத் தாள் கையில் இருக்க வேண்டும்.

குறைகாப்பீட்டுக் கழிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தொகையைப் பாதியாக்கும் வலு வேறெந்த வரிக்கும் இல்லை. வீட்டுக் காப்பீடு கட்டடத்துக்குத்தான், மனைக்கு இல்லை. மனை எரிவதுமில்லை, தண்ணீரில் ஊறிக் கெடுவதுமில்லை. சென்னையில் ஒரு கோடிக்கு விலைபோகும் ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு மண்ணின் விலைதான். அந்த ஒரு கோடியை மதிப்பாக வைத்து, ‘நீங்கள் 30 லட்சத்துக்குத்தானே எடுத்திருக்கிறீர்கள்’ என்று சொன்னால் அது தவறான அளவுகோல். கட்டுமானச் செலவைத்தான் ஒப்பிட வேண்டும். பரப்பளவிலும் இதே சிக்கல் உண்டு. கிரயப் பத்திரத்திலும் பில்டரின் விளம்பரத்திலும் இருப்பது பெரும்பாலும் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டாவில் உங்கள் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் பரப்பு. பாலிசி கார்பெட் பரப்பைக் கணக்கில் கொண்டிருக்க, சர்வேயர் பத்திரத்தில் உள்ள பெரிய எண்ணை எடுத்துப் பெருக்கினால் வீட்டின் மதிப்பு செயற்கையாக ஏறும், உங்கள் காப்பீடு செயற்கையாகப் போதாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலிசியின் பெயரைப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்துக்கொடுத்து 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் குறைகாப்பீட்டுக் கழிவே தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பாலிசி வைத்திருப்பவரின் கணக்கில் இந்த வரி வந்தால் கேள்வி கேட்காமல் விடக் கூடாது. அதே பாலிசியில், இடிபாடுகளை அகற்றும் செலவாக க்ளெய்ம் தொகையில் 2 விழுக்காடு வரையும், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர் கட்டணமாக 5 விழுக்காடு வரையும் கேட்க இடம் இருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை.

அடுத்தது விலை. சர்வேயர்கள் பலசமயம் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை ஒட்டியே கட்டுமான வேலைக்கு விலை போடுகிறார்கள். பெரிய கட்டடத்துக்கு அது சரியாக வரலாம். ஆயிரம் சதுர அடி பூச்சு வேலைக்கு வரும் கொத்தனார் கேட்கும் கூலிக்கும், நாற்பது சதுர அடிக்கு மட்டும் சாரம் கட்டி, பழையதைக் கொத்தி, குப்பையை மூன்று மாடி இறக்கிப் போடக் கேட்கும் கூலிக்கும் சதுர அடிக் கணக்கில் பெரிய வித்தியாசம் இருக்கும். பட்டியல் விலை இதைப் பார்ப்பதில்லை. இதை மறுக்க வாயால் சொல்லும் நியாயம் போதாது. அதே வேலைக்கு அதே ஊரில் இரண்டு மூன்று பேர் அளவு, பொருள், கூலி என்று பிரித்து எழுதிக்கொடுத்த எஸ்டிமேட் வேண்டும். மொத்தமாக ‘ரிப்பேர் வேலை – நான்கு லட்சம்’ என்று ஒரே வரியில் இருக்கும் தாள் எதையும் நிரூபிக்காது. இந்த இடத்தில் இன்னொரு முட்டுக்கட்டை வருவதுண்டு: ஜிஎஸ்டி பில் இல்லை என்று தொகையைக் குறைப்பது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு ஒப்பந்தக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே தேவையில்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி போட்டு பில் தரவும் முடியாது. ஜிஎஸ்டி தொகையைத் தர மாட்டோம் என்றால் சரி, ஆனால் வேலையே நடக்கவில்லை என்பதுபோல் எடுத்துக்கொள்ள அது காரணமாகாது. வங்கி வழியே செலுத்தியதற்கான பதிவும் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் அங்கே பேசும். ஆவணம் இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையும் சொல்கிறது.

தண்ணீர் சேதத்தில் தொகை குறைவதற்கு விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குழாய், தொட்டி வெடித்தும் நிரம்பி வழிந்தும் வரும் சேதத்தைப் பாலிசி ஏற்கும். வருடக் கணக்கில் மெல்லக் கசிந்து சுவர் ஊறியதை ஏற்காது, அது பராமரிப்புக் குறை. நம் ஊர்க் கட்டடங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில்தான் குழாயும் வெடிக்கும். சர்வேயர் அந்தப் பழைய கறையைப் பார்த்துவிட்டு, ‘பாதி பழைய கசிவு’ என்று ஒரு விகிதம் போட்டுவிடுகிறார். அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் தருவதற்கான தடயத்தை வைத்திருப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. வெடித்த குழாய்த் துண்டைப் பிளம்பர் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டியபின் வாதம் பாதி தோற்றுவிடுகிறது. அந்தத் துண்டு, மாற்றியவர் எழுதிய இரண்டு வரி, அன்றைய தேதியில் எடுத்த படங்கள், சேதத்துக்கு முன்பு அதே சுவர் பின்னணியில் விழுந்த ஏதாவது ஒரு குடும்பப் படம் இவையே வேண்டியவை. தீ விபத்து என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை. சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது: எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், பதிவு செய்த வீட்டில் நேர்ந்த சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு இரண்டு லட்சம் வரை வழி இருக்கிறது. வீட்டுக் காப்பீடே இல்லாதவருக்கும் அது பொருந்தும்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சர்வேயர் படித்தவர், பயிற்சி பெற்றவர், நூற்றுக்கணக்கான சேதங்களைப் பார்த்தவர்; தன் வீட்டை மட்டுமே பார்த்த ஒருவர் அவரை எப்படி எதிர்த்துப் பேச முடியும்? நீதிமன்றமும் இந்தப் பக்கம் சாய்ந்ததுண்டு. கடேமா ஃபைபர்ஸ் என்ற காகித ஆலையின் தீ விபத்து வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், சர்வேயர் தன் நடத்தை விதிகளின்படி வேலை செய்து மதிப்பிட்டிருந்தால் நுகர்வோர் ஆணையம் அந்த அறிக்கையைக் கீறிப் பிளந்து ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, கூடுதல் தொகை கேட்ட ஆலையின் வாதத்தை ஏற்க மறுத்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் வாதாடும். ஆனால் அது மூடிய கதவு எது, திறந்துவைத்த கதவு எது என்று பார்க்க வேண்டும். ‘எனக்கு இன்னும் அதிகம் வர வேண்டும்’ என்ற வாதத்துக்கு அது கதவை மூடிவிட்டது. அறிக்கை நடத்தை விதிகளைப் பின்பற்றவில்லை, தன்னிச்சையாக இருக்கிறது, நல்லெண்ணம் இல்லை என்று காட்ட முடிந்தவருக்கு மூடவில்லை. சர்வேயர்களுக்கான 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளோ தேய்மானத்தின் விகிதம், மிஞ்சிய பொருள், காப்பீடு போதுமா போதாதா என்று ஒவ்வொன்றைப் பற்றியும் அவர் சொல்ல வேண்டும் என்கின்றன. காரணம் சொல்லாமல் ‘30 விழுக்காடு’ என்று மட்டும் எழுதிய அறிக்கையும், ஒரே வீட்டை ஒரு பத்தியில் பழையதாகவும் அடுத்த பத்தியில் புதியதாகவும் பார்க்கும் அறிக்கையும் நிபுணரின் கருத்து என்ற மரியாதையைத் தானே இழந்துவிடுகின்றன. வரி வரியாக மறுக்க வேண்டும் என்பதற்கு இந்தத் தீர்ப்பைவிட நல்ல காரணம் கிடைக்காது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பத்து வருடமாக மாற்ற நினைத்த சமையலறையைக் குழாய் வெடித்த சாக்கில் கிரானைட்டில் கட்டிக்கொள்ளப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் மற்ற பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியத்திலிருந்துதான் போகிறது. ஊதிய எஸ்டிமேட் ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதிக் கணக்கில் நேர்மை எதிர்பார்ப்பதும் முடியாது. ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள், க்ளெய்மே மோசடி என்று போய்விடும் ஆபத்தும் உண்டு. பழைய டைல்ஸுக்கு ஈடாக அதே தரத்து டைல்ஸ், அதற்கு மேல் ஆசைப்பட்டால் வித்தியாசம் சொந்தக் காசு. இதை எஸ்டிமேட்டிலேயே தனியாகப் பிரித்துக் காட்டுபவரின் பேச்சுக்கு எடை கூடுகிறது.

‘கிடைத்ததை வாங்கிக்கொள்வோம், சண்டை போட்டால் அதுவும் நின்றுவிடும்’ என்ற பயம்தான் நடைமுறையில் பலரைத் தடுக்கிறது. பணம் தருவதற்கு முன் ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று அதில் இருக்கும். கையெழுத்திட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், வவுச்சரில் கையெழுத்திட்டது மட்டுமே மேற்கொண்டு கேட்கும் உரிமையைப் பறித்துவிடாது என்றது. ஆனால் ஏமாற்றியோ, தவறாகச் சொல்லியோ, நெருக்கடி கொடுத்தோ வாங்கியதாகப் பாலிசிதாரர் காட்ட வேண்டும். அந்தச் சுமை சிறியதல்ல. ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கையும் வவுச்சரைக் காட்டி அதிகத் தொகை கேட்கும் உரிமையை அடைக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. எனவே செய்ய வேண்டியது எளிது: கையெழுத்துக்கு மேலேயே, தகராறு இல்லாத பகுதியாக மட்டும் எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதுவது, எழுத விடாவிட்டால் அன்றே அதை மின்னஞ்சலில் தெரிவிப்பது. ஆறு மாதம் கழித்து நினைவு வரும் எதிர்ப்பை யாரும் நம்புவதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் சர்வே அறிக்கையின் நகல் வேண்டும். எழுத்தில் கேட்டால் தர வேண்டியது. ஆனாலும் தொகையை மட்டும் சொல்லும் கடிதம்தான் பெரும்பாலும் வருகிறது. ஏற்கெனவே தயாராக இருக்கும் கணக்குத் தாளைக் கேட்காமலே இணைத்து அனுப்பினால் பாதித் தகராறு எழவே எழாது என்பது என் எண்ணம். கணக்கு சரியாக இருந்தால் அதைக் காட்டுவதில் நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். அறிக்கை வந்ததும் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் இல்லை, 50 லட்சம் வரை உத்தரவிட முடியும், அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மேலே சொன்ன இரட்டைக் கழிவு, தவறான பரப்பளவு, தள்ளுபடியான குறைகாப்பீடு போன்று தாளைப் பார்த்தாலே தெரியும் பிழைகளுக்கு இந்த வழி போதும். வெடிப்பா கசிவா என்பதுபோலப் பொறியாளரின் சாட்சியம் தேவைப்படும் தகராறுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருத்தம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த ஆணையம் என்பதைச் செலுத்திய பிரீமியமே தீர்மானிக்கிறது. வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியம் சில ஆயிரங்கள்தான் என்பதால் வழக்கு மாவட்ட ஆணையத்தில்தான் தொடங்கும், கட்டணமும் இராது, குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. அதனால் ஓம்புட்ஸ்மேனிடம் முதலில் போக நினைப்பவர், நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டே அந்த இரண்டு வருடத்தைக் கரைத்துவிடாமல், நிறுவனத்தின் பதிலுக்கு ஒரு மாதம் காத்திருந்த கையோடு மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.